தலைகீழாய் எழுதும் கிருமி
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் எச்.ஐ.வி. கண்ட ஓர் இளம் தாய் என்னிடம், "ஐயா, எனக்காக ஜெபம் பண்ணினீங்க. இப்போ ரத்தத்துல கிருமியே தெரியலைன்னு டாக்டரம்மா சொல்றாங்க. இனிமே மாத்திரை எதுக்கு?" என்று கேட்டாள். இறையியல் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டேன்.

நம் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்ற மூலப்பிரதி இருக்கிறது. அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படும். அதுவே வழக்கமான ஒழுங்கு. எச்.ஐ.வி. கிருமியோ ஆர்.என்.ஏ.வை மட்டும் சுமந்து வருகிறது. அதனுடன் வரும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்னும் நொதி, நகலைப் பார்த்து மூலத்தை எழுதுகிறது! பின்பு வேறொரு நொதி அதை நம் டி.என்.ஏ.வுக்குள் சேர்த்துவிடுகிறது. சபைப் பதிவேட்டில் அந்நியன் ஒருவன் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வதைப் போன்றது இது.

1970இல் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், விலங்குகளுக்குப் புற்றுநோய் தரும் கிருமிகளில் இந்த நொதியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1975இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் எச்.ஐ.வி.யை அடையாளம் கண்டதும் இந்த நொதியின் தடயத்தைக் கொண்டுதான்.

வேதத்தைப் பிரதி எடுத்த பண்டைய எழுத்தர்கள் எழுத்துக்களை எண்ணிச் சரிபார்த்தார்கள். இந்த நொதி சரிபார்ப்பதே இல்லை. பிழைகள் மலிவதால் கிருமி உருமாறி, ஒரே மருந்துக்குத் தப்பிவிடுகிறது. ஆகவேதான் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 1987இல் வந்த சிடோவுடின், இன்றைய டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகியவை போலி எழுத்துக்கள். நொதி அவற்றில் ஒன்றைக் கோத்துவிட்டால் அடுத்த எழுத்தைச் சேர்க்க முடியாது. எழுத்து அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் ஏற்கெனவே பதிவேட்டில் ஏறிவிட்டதை இம்மருந்துகள் அழிப்பதில்லை. அது சில அணுக்களில் உறங்கிக்கொண்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே கிருமி மறுபடியும் பெருகும். தவறாமல் உண்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலையைக் காத்துக்கொண்டால் தாம்பத்திய உறவின் வழியாகத் துணைவருக்கும் பரவாது.

இதை அந்தத் தாயிடம் சொன்னபோது, "அப்போ தினமும் கதவைப் பூட்டி வைக்கணும், அப்படித்தானே ஐயா?" என்றாள். ஆம் என்றேன். "விசுவாசம் போதும் அம்மா" என்று அன்று நான் சொல்லியிருந்தால் அவளை மரணத்துக்கு அனுப்பியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் நடுங்குகிறேன். மாத்திரையும் கர்த்தர் தந்த ஈவே. அதை விழுங்க நாள்தோறும் பெலன் கேட்பதே எங்கள் ஜெபம்.

2004 முதல் அரசாங்கம் இம்மருந்தை இலவசமாகத் தருகிறது. ஆனால் மருந்து வாங்க வர பஸ் கட்டணம் வேண்டும், வயிற்றுக்கு உணவு வேண்டும், ஒதுக்காத ஒரு கை வேண்டும். குஷ்டரோகியை ஆண்டவர் தொட்டார்; சுகம் அதற்குப் பிறகுதான் வந்தது. உங்கள் காணிக்கை அந்தத் தொடுதலாய் இருக்கிறது. தொடர்ந்து ஜெபியுங்கள், தாங்குங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.