சோம்பல் அன்று



திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றை வகுப்பில் நடத்தியவன் நான். மனம் வைத்தால் சோம்பல் போய்விடும் என்று உங்களைப் போன்றோர்க்குச் சொல்லி வந்தேன். மனம் வைப்பதற்கே மூளையில் ஒரு பொருள் வேண்டியிருக்கிறது என்பதை முதுமையில்தான் கற்றேன்.

வடபழனியில் எங்கள் தெருவில், என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நாள்தோறும் விடியற்காலையில் இருவரும் முருகன் கோயிலுக்கு நடந்து செல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலக்கை நடுங்கலாயிற்று, நடை குறுகிற்று. நம்மவர் நடுக்குவாதம் என்பதையே மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்கின்றனர். மருந்தினால் நடுக்கம் தணிந்தது. ஆனால் அவர் தாமாகப் புறப்படுவது நின்றுவிட்டது. முதலில், அழைத்தால் வருவார். பின்னர், அழைத்தாலும் "இன்று வேண்டாமே" என்பார். பேத்தி தான் பெற்ற பரிசைக் கொண்டுவந்து காட்டியபோது பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் முகம் வாடிற்று. நானோ, "சார், இது வெறும் சோம்பல்" என்று கடிந்துகொண்டேன். அவர் கோபிக்கவும் இல்லை. அந்தக் கோபமின்மையும் நோயின் கூறே என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

1817-ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், இதனால் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றே கருதினார். அதனால் நெடுங்காலம் நோயாளியின் கைகால்களையே உலகம் நோக்கியது. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்னும் பொருளை ஆக்கும் அணுக்கள் இந்நோயில் அழிகின்றன. டோபமின் கைகால்களை இயக்குவதற்கு மட்டும் உதவுவதன்று. 'இதைச் செய்வோம், செய்வது தகும்' என்று உள்ளம் முன்வருவதற்கும் அதுவே துணை.

இக்கதையில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரன், ராமசாமி என்னும் அறிஞர் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மூளையில் டோபமினாக மாறும் பொருள் அது. 1960-களில் அதுவே இந்நோய்க்குத் தலையாய மருந்தாயிற்று. அதற்காக எவரும் விதையைத் தாமே உண்ணலாகாது. அளவை மருத்துவரே அறிவார்.

இந்நோயுற்றோர் பத்துப் பேரில் ஏறக்குறைய நால்வருக்கு இந்த ஊக்கமின்மை உண்டு. சிலருக்கு நடுக்கத்திற்கு முன்னரே இது தலைகாட்டும். முதலில் தாமாகத் தொடங்கும் ஆற்றல் குறையலாம். பிறகு விரும்பியவற்றில் நாட்டம் குன்றலாம். பின்னர் மகிழ்ச்சியும் துயரமும் மங்கலாம். எல்லார்க்கும் இவ்வரிசை ஒன்றுபோல் அமைவதில்லை. சிலரிடம் நினைவும் சிந்தனையும் தளர்வதோடு சேர்ந்து இது வளரும். மனச்சோர்வு வேறு, அதில் துக்கம் இருக்கும், தன்னையே நொந்துகொள்ளுதல் இருக்கும். ஊக்கமின்மையிலோ நோயாளி எதையும் இழந்ததாகவே உணராதிருக்கலாம், வருந்துவோர் வீட்டாரே. இரண்டும் ஒருவரிடமே கூடி நிற்பதும் உண்டு. ஆகவே மருத்துவரிடம் நடுக்கத்தை மட்டும் சொல்லாமல், இதையும் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைச் சீர்செய்வதால் சிலர்க்கு இது தணிவதுண்டு.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இவ்வாறு இருந்தால், "ஏதாவது செய்யுங்களேன்" என்று சொல்லாதீர்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதானே அவருக்கு இயலாதது! ஒரு நேரம், ஒரு வேலை, உடன் ஒரு துணை என்று அமைத்துக் கொடுங்கள். உள்ளிருந்து எழாத தூண்டுதல் வெளியிலிருந்து வரட்டும்.

இப்போது காலை ஐந்தரை மணிக்கு நான் அவர் வீட்டு வாயிலில் நிற்கிறேன். "வருகிறீர்களா?" என்று கேட்பதில்லை, செருப்பை எடுத்து வைத்து, "வாங்க சார், போகலாம்" என்கிறேன். பேத்தி மாலையில் கணக்கு நோட்டுடன் அருகில் அமர்ந்து, "தாத்தா, இந்த விடை சரியா?" என்று கேட்கிறாள். சில நாட்கள் அவர் பேசாதிருக்கிறார். சில நாட்கள் பென்சிலை வாங்கித் தவற்றைச் சுழித்துக் காட்டுகிறார். அவர் முகம் மலர்வதில்லை. அதை அன்பின்மை என்று அக்குழந்தை இப்போது எண்ணுவதும் இல்லை. எனக்கு முன்பே அவள் பாடத்தைக் கற்றுக்கொண்டாள்.