ரிப்போர்ட் நார்மல், ஆனா அம்மாவுக்கு வலிக்குது: தைராய்டும் ஃபைப்ரோமயால்ஜியாவும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தம்.)

போன வாரம் முடிக்கும்போதே சொல்லியிருந்தேன், இந்த வாரம் டெக் கிடையாது, வீட்டு விஷயம்னு. எங்க அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். "சொல்லுடா, நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சரி. ஆனா என் பேரைச் சொல்லாத"ன்னாங்க. சரி, ஆரம்பிக்கலாம்.

எங்க வீடு ஸ்ரீரங்கத்துல, உத்திர வீதி பக்கம். அம்மாவுக்கு 54 வயசு. ரொம்ப வருஷமா தைராய்டு மாத்திரை போடறாங்க. கோயிலுக்குத் தினமும் நடந்து போய்ட்டு வர்ற ஆளு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் லீவுக்குப் போனப்ப, மாடியில துணி காயப்போட கொடிக்குக் கையைத் தூக்கறதுக்கே கஷ்டப்பட்டாங்க. "என்னம்மா?"ன்னு கேட்டா, "ஒண்ணுமில்லடா, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்ல."

நான் என்ன பண்ணேன்? லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தம் நார்மல், சுகர் நார்மல், எக்ஸ்ரே நார்மல், தைராய்டு மட்டும் கொஞ்சம் கூட. "அதான் எல்லாம் நார்மல்னு வந்திருக்கேம்மா, தைராய்டுதான், மாத்திரையைக் கூட்டினா சரியாயிடும். சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத"ன்னு சொல்லிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். அம்மா பதில் ஒண்ணும் சொல்லல.

ஆபீஸ்ல இதே நான் என்ன பேசுவேன் தெரியுமா? டேஷ்போர்டு முழுக்கப் பச்சையா இருக்கு, ஆனா யூசர் "ஆப் ஓப்பன் ஆகல"ன்னு சொல்றாங்கன்னா, யூசர் பொய் சொல்றாங்கன்னு யாரும் சொல்ல மாட்டோம். நாம சரியான இடத்தைப் பார்க்கலைன்னு அர்த்தம். அந்த மரியாதையை முகம் தெரியாத யூசருக்குக் கொடுத்தேன், அம்மாவுக்குக் கொடுக்கல.

முதல்ல தைராய்டு

கழுத்துல, குரல்வளைக்குக் கீழ, பட்டாம்பூச்சி வடிவத்துல இருக்கிற சுரப்பி. உடம்போட வேகத்தை அதுதான் தீர்மானிக்குது. அதுக்கு ஒரு மேனேஜர் உண்டு, மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி. அந்த மேனேஜர் அனுப்பற மெயில்தான் டி.எஸ்.எச். தைராய்டு ஒழுங்கா வேலை செஞ்சா அளவா மெயில் வரும். வேலை நடக்கலைன்னா மேனேஜர் மெயில் மேல மெயில் போடுவார். அதனாலதான் தைராய்டு குறையும்போது டி.எஸ்.எச். ஏறுது. இது தலைகீழா இருக்கிறதால பலர் குழம்பறாங்க.

தைராய்டு குறைஞ்சா அசதி, எடை கூடறது, மலச்சிக்கல், முடி கொட்டறது, குளிர் தாங்காம இருக்கிறது, இதோட தசைவலி, தசைப்பிடிப்பு, காலையில உடம்பு விறைப்பு. கடைசி மூணையும் ஞாபகம் வச்சுக்கங்க. அங்கதான் குழப்பமே.

இது எவ்வளவு பரவலா இருக்குன்னா, இந்தியாவுல எட்டு நகரங்கள்ல நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013-ல வெளியாச்சு. சென்னையும் அதுல ஒண்ணு. 5,000-க்கும் மேற்பட்ட பெரியவங்களைச் சோதிச்சதுல கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்கு தைராய்டு குறைபாடு. அவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு, தனக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே அதுவரைக்கும் தெரியாது.

அடுத்தது ஃபைப்ரோமயால்ஜியா

பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. நார், தசை, வலி, அவ்வளவுதான் அர்த்தம். 1904-ல வில்லியம் கவர்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் இதை "ஃபைப்ரோசைட்டிஸ்"னு கூப்பிட்டார். தசை நார்ல வீக்கம்னு நினைச்சார். அப்புறம் பார்த்தா வீக்கமே இல்ல. அதனால 1976-ல பேரை மாத்தினாங்க.

அப்ப வலி எங்கிருந்து வருது? 2002-ல வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃபைப்ரோமயால்ஜியா இருக்கிற 16 பேர், இல்லாத 16 பேர். கட்டைவிரல் நகத்து மேல அழுத்தம் கொடுத்துக்கிட்டே மூளையை ஸ்கேன் பண்ணாங்க. மத்தவங்களுக்கு "லேசா அழுத்துது" அளவுல இருக்கிற அதே அழுத்தத்துக்கு, இவங்க மூளையில வலிக்கான பகுதிகள் நல்லாவே வேலை செஞ்சுது. அதாவது வலி கற்பனை இல்ல. தசை கிழிஞ்சு போகல, மூட்டு தேயல, ஆனா வலியைக் கேட்கிற ஸ்பீக்கரோட வால்யூம் ஏறிக்கிடக்கு.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. 1990-ல அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி ஒரு முறை சொல்லுச்சு: உடம்புல 18 இடங்கள், அதுல 11-ஐ அழுத்தும்போது வலிச்சா உண்டு. 2010-க்கு அப்புறம் அதை மாத்திட்டாங்க. இப்போ எத்தனை இடத்துல வலி, அசதி எவ்வளவு, தூக்கம் எப்படி, ஞாபக மறதி இருக்கா, இதெல்லாம் குறைஞ்சது மூணு மாசமா இருக்கா, இப்படிக் கேட்டு மதிப்பெண் போடறாங்க. அதாவது பேஷன்ட் சொல்றதை உட்கார்ந்து கேட்டாத்தான் கண்டுபிடிக்கவே முடியும்.

இன்னொண்ணு. சமந்தா 2022-ல தனக்கு மயோசைட்டிஸ்னு சொன்னாங்கல்ல, அது வேற. அதுல தசையிலயே வீக்கம் வரும், சி.பி.கே.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனையில பெரும்பாலும் தெரியும். தைராய்டு ரொம்பக் குறைஞ்சாலும் சி.பி.கே. ஏறலாம். ஃபைப்ரோமயால்ஜியாவுல பொதுவா ஏறாது.

ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

மூணு விதமா யோசிக்கலாம்.

ஒண்ணு, ஆள் மாறாட்டம். தைராய்டு குறைபாடே ஃபைப்ரோமயால்ஜியா மாதிரி வேஷம் போடும். ரெண்டுக்கும் ஒரே எரர் மெசேஜ். அதனாலதான் உடம்பு பூரா வலின்னு போனா, நல்ல டாக்டர் முதல்ல டி.எஸ்.எச். எழுதித் தர்றார். தைராய்டுதான் காரணம்னா, மாத்திரை சரியா போய்ச் சேர்ந்ததும் சில மாசத்துல வலி குறையணும்.

ரெண்டு, தற்செயல். ரெண்டுமே பரவலா இருக்கு, ரெண்டுமே பெண்களுக்கு அதிகம். ஒரு கணக்கு போடுவோம். ஆயிரம் பேர்ல 110 பேருக்கு தைராய்டு. ஃபைப்ரோமயால்ஜியா உலக அளவுல ரெண்டு மூணு சதவீதம்னு சொல்றாங்க, அப்ப ஆயிரத்துல 20-30 பேர். ரெண்டுக்கும் துளி சம்பந்தம் இல்லைன்னாலும் ரெண்டு மூணு பேருக்கு ரெண்டுமே இருந்தே தீரும். திருச்சி மாதிரி ஊருக்கு அது ஆயிரக்கணக்குல போகும்.

மூணு, நிஜமாவே ஒரு தொடர்பு. தைராய்டு குறையறதுக்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ. ஜப்பான் டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-ல விவரிச்சது. நம்ம எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குது. அதுக்கு அடையாளம் ஆன்டி டி.பி.ஓ. மாதிரியான ஆன்டிபாடிகள். துருக்கியில 2007-ல வந்த ஒரு ஆய்வுல, ஃபைப்ரோமயால்ஜியா இருக்கிறவங்கள்ல சுமார் 34 சதவீதம் பேருக்குத் தைராய்டு ஆன்டிபாடி இருந்தது. ஆரோக்கியமா இருக்கிறவங்கள்ல 19 சதவீதம். கேட்டதும் "ஆஹா, கண்டுபிடிச்சாச்சு"ன்னு தோணும். ஆனா அதே ஆய்வுல முடக்குவாதம் இருக்கிறவங்கள்லயும் கிட்டத்தட்ட 30 சதவீதம். நம்ம ஊர் எட்டு நகர ஆய்வுல சாதாரண மக்கள்லயே ஐஞ்சுல ஒருத்தருக்கு மேல ஆன்டி டி.பி.ஓ. இருந்தது. அதனால தொடர்பு இருக்கிற மாதிரி தெரியுது, ஆனா ஒண்ணு இன்னொண்ணை உண்டாக்குதுன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. நான் இந்த இடத்துலதான் நிக்கறேன்.

1990-கள்ல அமெரிக்காவுல ஜான் லோன்னு ஒருத்தர், ஃபைப்ரோமயால்ஜியாவே தைராய்டு பிரச்னைதான், டி3 ஹார்மோனை அதிகமா கொடுத்தா சரியாகும்னு சொன்னார். அந்த ஆய்வுகள் ரொம்பச் சின்னது. மருத்துவ வழிகாட்டிகள் அதை ஏத்துக்கல. இப்பவும் ரீல்ஸ்ல அதைச் சுத்தி விக்கறாங்க. மாட்டிக்காதீங்க.

அம்மா விஷயத்துல என்ன நடந்தது

நான் பஸ் ஏறிப் போனப்ப அம்மாவோட டி.எஸ்.எச். 9. மாத்திரை 50 மைக்ரோகிராம்லேர்ந்து 100 ஆச்சு. ஏன் ஏறுச்சுன்னு யாரும் கேட்கல, நானும் கேட்கல. காரணம் எங்க வீட்டு அடுப்படியிலயே இருந்தது. காலையில எழுந்ததும் அம்மா மாத்திரையை வாயில போட்டு, அது மேலயே ஃபில்டர் காபி. காபியோட போட்டா மாத்திரை சரியா உடம்புல சேராது. போதாக்குறைக்குக் கால்சியம் மாத்திரையும் காலை டிபனோடயே. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் நடுவுல நாலு மணி நேரம் இருக்கணும்.

அப்புறம் ஒரு சொந்தக்காரங்க சொல்லி, அம்மா காபியை ஒரு மணி நேரம் தள்ளிட்டாங்க, கால்சியத்தை ராத்திரிக்கு மாத்திட்டாங்க. இப்ப 100 முழுசா உள்ள போகுது. ரெண்டு மாசத்துல ஒரே படபடப்பு, கை நடுக்கம். பார்த்தா டி.எஸ்.எச். 0.08. அப்படியே விட்டா இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். டோஸ் 75 ஆச்சு. டி.எஸ்.எச். 2.6. நார்மல்.

நான் இதையெல்லாம் ஒரு ஷீட்ல போட்டுப் பார்த்தேன். டி.எஸ்.எச். 9-ல இருந்தப்ப, 0.08-ல இருந்தப்ப, 2.6-ல இருந்தப்ப. மலச்சிக்கல் போச்சு, முகவீக்கம் போச்சு. அதெல்லாம் தைராய்டு. வலி? அம்மாகிட்ட பத்துக்கு எத்தனைன்னு கேட்டேன். மூணு நேரத்துலயும் எட்டுதான்னாங்க. தைராய்டு இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் வலி நகரல. அப்பதான் எனக்கு உறைச்சுது.

தில்லைநகர்ல ஒரு வாதநோய் நிபுணர், அதாவது ருமடாலஜிஸ்ட், அவங்ககிட்ட கூட்டிட்டுப் போனேன். ரிப்போர்ட் ஃபைலை நீட்டினேன். அதை ஓரமா வச்சுட்டு, "நீங்க சொல்லுங்கம்மா, ராத்திரி தூக்கம் எப்படி?"ன்னு கேட்டாங்க. அம்மா முக்கால் மணி நேரம் பேசினாங்க. நடுவுல அழுதாங்க. "எல்லாரும் எனக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க டாக்டர், என் பிள்ளையும் சொல்லிட்டான்." நான் பக்கத்து நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வைத்தியம். இதுக்கு மாத்திரைகள் இருக்கு, யாருக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2017-ல வெளியிட்ட வழிகாட்டியில, அழுத்தமா பரிந்துரை பண்ணது ஒண்ணே ஒண்ணுதான்: உடற்பயிற்சி. ஜிம் இல்ல. மெதுவா ஆரம்பிச்சு மெதுவா கூட்டறது. அம்மா முதல்ல கிழக்கு உத்திர வீதி மட்டும் நடந்தாங்க. ரெண்டு வாரம் அதேதான். அப்புறம் தெற்கு வீதி. ஒரு நாள் உடம்பு நல்லா இருக்கேன்னு வீட்டையே ஒட்டடை அடிச்சு, அடுத்த மூணு நாள் படுக்கை. அதுலேர்ந்து "நல்ல நாள்லயும் அளவாத்தான்"னு ஒரு பாலிசி. ஏழெட்டு மாசத்துக்கு அப்புறம் இப்ப நாலு உத்திர வீதியும் ஒரு சுத்து வர்றாங்க. வலி எட்டுலேர்ந்து நாலு, அஞ்சு. முழுசா போகல. சில நாள் திரும்ப ஏறும். ஆனா கொடியில துணி அவங்களே போடறாங்க.

உங்க வீட்டுக்கு

உங்க அம்மாவோ, அக்காவோ, நீங்களோ மூணு மாசத்துக்கு மேல உடம்பு பூரா வலின்னு சொன்னா: டி.எஸ்.எச்., டி4 பாருங்க. கூடவே ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர்., வைட்டமின் டி, தேவைன்னா சி.பி.கே. பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. முடிக்காக பயோட்டின் மாத்திரை போட்டா டெஸ்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அது தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாக் காட்டலாம். டோஸ் மாத்தினா ஆறிலேர்ந்து எட்டு வாரம் கழிச்சுத்தான் மறுபடி பார்க்கணும், அதுக்குள்ள பார்த்தா அர்த்தமில்ல. நீங்களா டோஸைக் கூட்டாதீங்க, குறைக்காதீங்க. தைராய்டு சரியாகி ரெண்டு மூணு மாசம் ஆகியும் வலி அப்படியே இருந்தா, "நார்மல்"னு ஃபைலை மூடாதீங்க. ருமடாலஜிஸ்ட்டைப் பாருங்க. ஃபைப்ரோமயால்ஜியான்னு ஏற்கெனவே சொல்லிட்டாங்கன்னாலும் தைராய்டை அப்பப்ப பாருங்க, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வராதுன்னு இல்ல.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணி, "சாப்டியாம்மா"வோட நிறுத்தாம, "எங்கம்மா வலிக்குது?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, பதில் முடியற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. நான் அதுக்கு ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டேன்.

அடுத்த வாரம் பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கங்க.