பம்பாயில் கட்டிய படகு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நாம் கடல் சூழ்ந்த நகரத்தில் வாழ்கின்றோம். ஆயினும் விடுமுறை மாலையில் கரையில் நின்று காற்று வாங்குவதோடு கடலுக்கும் நமக்குமுள்ள உறவு முடிந்துவிடுகின்றது. உலகப் புகழ்பெற்ற கடற்பந்தயம் ஒன்றில் வென்ற படகு இந்நகரத்துத் தொழிலாளர் கையால் உருவானது என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே. அதனையே இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

அப்படகின் பெயர் சுஹைலி. பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் இட்ட பெயர் அது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரியாயிருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கில இளைஞர் பம்பாயில் அதனைக் கட்டுவித்தார். நீளம் 32 அடி, பாய்மரம் இரண்டு, உடல் முழுவதும் தேக்கு. வாய்ச்சி, வில்லால் சுழற்றும் துறப்பணம் முதலிய கைக்கருவிகளைக் கொண்டு நம் நாட்டுத் தச்சர்கள் அதனை உருவாக்கினர். 1964 டிசம்பரில் படகு நீரில் இறங்கியது.

மறு ஆண்டு ராபினும் அவர்தம் தம்பியும் நண்பர் ஒருவருமாக மூவர் அதிலேறி இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டனர். ஊர் சேர வேண்டும் என்பதன்றிப் பந்தய எண்ணம் ஏதும் அன்று இல்லை. வழியில் கைப்பொருள் தீர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் தங்கிப் பொருளீட்டிய பின்னரே பயணம் தொடர்ந்தது. 1967-இல் இங்கிலாந்து சேர்ந்தனர். அந்நெடும்பயணமே பின்னர் வந்த போட்டிக்கு ஒத்திகையாயிற்று.

1968-இல் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை ஒரு பந்தயம் அறிவித்தது. எத்துறைமுகத்திலும் தங்காமல், எவர் உதவியும் பெறாமல், தனியொருவராகப் பாய்விரித்து உலகைச் சுற்றிவர வேண்டும். ஒன்பதின்மர் முன்வந்தனர். அவர்களுள் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஜூன் 14-ஆம் நாள் பால்மத் துறைமுகத்தினின்று புறப்பட்டார்.

அட்லாண்டிக் கடலிலேயே பலகை இடுக்கு வழியாக நீர் புகுந்தது. அவர் மூச்சடக்கி நீரில் மூழ்கி, இடுக்கில் பஞ்சைத் திணித்து, அதன்மேல் செப்புத் தகடு வைத்து ஆணி அடித்தார். நம் கடற்கரை ஊர்களில் கலப்பற்று என்று சொல்லும் வேலை அது. அதனை நடுக்கடலில், படகின் அடியில் செய்தார். தென்கடலில் பேரலை படகைச் சாய்த்தது, குடிநீர் கெட்டது, மழைநீரைப் பாயில் பிடித்துப் பருகினார். வானொலி பழுதாயிற்று, தானாய் இயங்கும் சுக்கான் கருவியும் முறிந்தது. நியூசிலாந்தைக் கடந்தபின் பல மாதங்கள் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. 1969 ஏப்ரல் 22-ஆம் நாள், 312 நாள் கழித்து, பால்மத் திரும்பினார். ஒன்பதின்மருள் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. பரிசாகப் பெற்ற 5,000 பவுனையும், அப்பந்தயத்தில் உயிர்நீத்த டொனால்ட் குரோஹர்ஸ்டின் குடும்பத்திற்கு அளித்தார்.

2018-இல் அப்பந்தயம் மீண்டும் நடந்தபோது, நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி செலுத்திய துரியா, சுஹைலியின் அமைப்பிலேயே கோவாவில் கட்டப்பட்டது. புயலில் பாய்மரம் ஒடிந்து, முதுகில் அடிபட்டு மீட்கப்பட்ட அவர், 2022-இல் வேறொரு படகில் மீண்டும் புறப்பட்டு, 2023 ஏப்ரலில் இரண்டாமவராக வந்து சேர்ந்தார்.

அன்பர்களே! நாக்ஸ்-ஜான்ஸ்டன் பெயரை உலகறியும். தேக்குப் பலகையை இழைத்த தச்சர்களின் பெயரை நம்முள் எவர் சொல்ல வல்லார்? இடுக்கு கசிந்தது மெய். அத்தனை அலைகளுக்கும் பலகை தாங்கியதும் மெய். மாலுமியின் துணிவுக்கு அடியில் தொழிலாளியின் கைத்திறன் கிடந்தது.

நம் முன்னோரும் அத்தகையோரே. தாராவியில் தோல் பதனிட்டோர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், ஆலையில் உழைத்தோர் நம் குடும்பங்களில் உண்டு. ஆயினும், "தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று பிள்ளை கேட்டால், "கம்பெனியில் இருந்தார்" என்று சொல்லிப் பேச்சை மாற்றும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. இந்நாணம் நமக்கு வேண்டா.

ஒவ்வொரு குடும்பமும் தன் முதியோரின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம். அடுத்த ஆண்டு மலரில் அவை அச்சேறட்டும். நம் பிள்ளைகள் அப்பெயர்களைப் படித்து வளரட்டும்.