ஓரங்குல வீரர்கள்

விளையாட்டுப் பொம்மை சிறுவர்க்கே உரியதென்பது பொதுவான எண்ணம். ஆயினும், இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் ஏனைய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இவ்வெண்ணத்துக்கு மாறான வழக்கமொன்று வேரூன்றியிருக்கின்றது. பகலெல்லாம் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்த முதிர்ந்தோர், இரவில் மேசை விளக்கின் கீழ் அமர்ந்து, ஓரங்குல உயரமே உள்ள வீரனொருவனுக்கு நிறந்தீட்டுகின்றனர். அவனுடைய மேலங்கியின் மடிப்புக்கும், வாளின் முனைக்கும், கண்ணின் கருமணிக்கும் தனித்தனியே தூரிகை தொடுகின்றனர். இவ்வாறு தீட்டிய வீரர் பத்துப் பேரைக் குழுவாக்கி, மற்றொருவர் தீட்டிய குழுவின் முன் நிறுத்தி, மூன்றடிச் சதுரமான மேசையிற் சிறு போர் நிகழ்த்துகின்றனர். அளவுநாடா கொண்டு நடையை அளந்து, தாயக்கட்டை உருட்டி, அடிபட்டவன் யார், தப்பியவன் யார் என முடிவு செய்கின்றனர்.

நேயர்களுக்கு இது வீண் பொழுதுபோக்காகத் தோன்றலாம். போரை விளையாட்டாக்குதல் தகுமோ என்ற ஐயமும் எழலாம். அவ்வையத்தை எளிதில் ஒதுக்கிவிடுதல் கூடாது. இவ்விளையாட்டு வந்த வழியையும், இவ்வீரர் உருவாகும் முறையையும் சற்று நோக்கிய பின்னரே அதற்கு விடை கூறுதல் பொருந்தும்.

மேசைப் போர் விளையாட்டின் முன்னோரைத் தேடிச் செல்வோர், இந்திய நாட்டிற் பிறந்த சதுரங்கத்தைச் சென்றடைவர். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே அதன் பெயருக்குக் காரணம். பாரசீகரும் அராபியரும் அதனைப் பயின்றனர். அவர் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தது. 1780ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிரவுன்ஸ்விக் நகரிற் கணிதம் பயிற்றிய ஹெல்விக் என்பவர், சதுரங்கப் பலகையைப் பெரிதாக விரித்து, 1,600க்கு மேற்பட்ட கட்டங்களையுடைய போர் விளையாட்டொன்றை வெளியிட்டார். நிலமும் நீரும் மேடும் கட்டங்களின் நிறத்தால் உணர்த்தப்பட்டன.

அதன் பின்னர், பிரசிய நாட்டவரான ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு, தாம் அமைத்த போர் விளையாட்டை 1812இல் மன்னருக்குக் காட்டினார். படை அதிகாரியாக விளங்கிய அவருடைய மகன், 1824இல் அதனைத் திருத்தி, உண்மையான நிலப்படத்தின் மேல் ஆடத்தக்கதாக்கினார். பிரசியப் படை அதனைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே வீரருக்கு முகம் இல்லை. நிறமிட்ட சிறு கட்டையொன்று ஒரு படைப்பிரிவைக் குறித்தது. தாயக்கட்டை விழுந்ததும், நடுவர் அட்டவணையைப் பார்த்து, மாண்டோர் இத்தனை பேர் எனக் கணக்கிட்டார். படை நடத்தும் தொழிலுக்கு அக்கணக்கு வேண்டியதே. மாண்டவன் யார் என்ற கேள்விக்கு மட்டும் அக்கட்டையில் இடமிருக்கவில்லை.

வீரனுக்கு முகம் வந்த வழி வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரத்து உலோகத் தொழிலாளர், வெள்ளீயக் கலவையால் தட்டையான சிறு வீரரை வார்த்து விற்றனர். இங்கிலாந்தில் 1893இல் வில்லியம் பிரிட்டன் என்பாரின் தொழிலகம் உள்ளீடற்ற வார்ப்பு முறையை மேற்கொண்டது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவர்; வெளிப்புறம் உறைந்தவுடன், உள்ளே உருகி நிற்பதை மீட்டும் வெளியே ஊற்றிவிடுவர்; ஓடு மாத்திரம் எஞ்சும். உலோகம் குறையவே விலையும் குறைந்தது. எண்ணற்ற வீட்டு நிலங்களில் ஈயப் படைகள் அணிவகுத்தன.

அவ்வீரரைக் கொண்டு முதிர்ந்தோரும் ஆடலாம் என எழுத்தில் நிலைநாட்டியவர், புகழ்பெற்ற நாவலாசிரியரான எச். ஜி. வெல்ஸ். 'சிறு போர்கள்' எனப் பொருள்படும் பெயருடன் அவர் எழுதிய நூல் 1913இல் வெளிவந்தது. விற்சுருளால் மரக்குச்சியை எய்யும் விளையாட்டுப் பீரங்கியே அவருடைய ஆட்டத்தின் ஆயுதம். விளையாட்டின் விதிகளைத் தெளிவாக வகுத்த அந்நூல், முடிவில் எதிர்பாராத இடமொன்றைச் சென்றடைகின்றது. சிறு போரை மூன்று நான்கு முறை ஆடியவன், பெரும் போர் எத்துணைத் தடுமாற்றமும் பேதைமையும் நிறைந்தது என்பதை உணர்வான் என்பது வெல்ஸ் கூறிய கருத்து. போர்க்கனவு காணும் தலைவர்களுக்குப் பொம்மைப் படையையே மருந்தாக அவர் பரிந்துரைத்தார். மறு ஆண்டிலேயே ஐரோப்பாவில் முதலாம் உலகப் போர் மூண்டது.

அதன் பின் வந்த மாற்றங்கள் பல. 1975இல் இலண்டனில் தொடங்கப்பெற்று, இன்று நொட்டிங்காம் நகரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள 'கேம்ஸ் வேர்க்‌ஷொப்' நிறுவனம், 1983இல் 'வோர்ஹாமர்' என்னும் கற்பனைப் போர் விளையாட்டை வெளியிட்டது. பெரும்படைகள் மோதும் ஆட்டம் அது. அதே நிறுவனம் 1999இல் வெளியிட்ட 'மோர்ட்ஹைம்', அழிந்த நகரொன்றின் இடிபாடுகளிடையே சிறு குழுக்கள் மோதும் ஆட்டமாக அமைந்தது. 2015இல் ஜோசப் மெக்கலோ என்பவர் எழுதிய 'புரொஸ்ட்கிரேவ்' என்னும் ஆட்டத்தில், பனி மூடிய பழநகரிற் புதையல் தேடுவோர் ஒரு மந்திரவாதியும், அவனுடைய மாணாக்கனும், எண்மர் வரையிலான கூலிவீரருமே. படை சிறுக்கச் சிறுக்க, வீரன் தனித்து விளங்கலானான். நூறு பேருள் ஒருவனைக் கண் தாவிச் செல்லும். பத்துப் பேருள் ஒருவனை அவ்வாறு விட்டுவிட இயலாது. சிறு குழு விளையாட்டில் நிறந்தீட்டுதல் பெருமதிப்புப் பெற்றமைக்குக் காரணம் இதுவே.

இனி, அவ்வீரன் உருவாகும் முறையைக் காண்போம். ஈயத்தின் நச்சுத்தன்மை கருதி, இக்காலத்தில் வெள்ளீயக் கலவை, பிளாஸ்டிக், பிசின் ஆகியவற்றாலேயே பெரும்பாலும் உருவங்கள் செய்யப்படுகின்றன. அவற்றின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர். அச்சின் இரு பாதிகள் பொருந்திய இடத்தில் மெல்லிய வரம்பொன்று உருவத்தின் மேல் ஓடியிருக்கும். அதனைக் கத்தியாலும் அரத்தாலும் சுரண்டி நீக்குதலே முதல் வேலை. இதனைச் செய்யாதவனின் வீரன், எத்துணை அழகிய நிறம் பெற்றாலும், கன்னத்தில் அவ்வடுவைச் சுமந்தே நிற்பான். பின்னர், உலோகமும் பிசினும் ஆயின், சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துவர். விரல் படாதிருக்க, உருவத்தைத் தக்கையொன்றின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொள்வர்.

அடுத்தது அடிப்பூச்சு. கருமை பூசினால் நிழல் தானே அமையும். வெண்மை பூசினால் மேல்வரும் நிறம் ஒளிபெறும். அதன் மேல் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய நிறத்தை நீர் கலந்து மெல்லியதாக இடுவர். ஒரு தடித்த பூச்சினும் இரு மெல்லிய பூச்சு நன்று என்பது இக்கலையிற் பயின்றோர் யாவரும் கூறும் பாடம். சாயம் தடித்தால், சிற்பி செதுக்கிய விரலும் இமையும் அதனுள் புதைந்துவிடும். தூரிகையைப் பற்றிய தவறான எண்ணமும் ஒன்றுண்டு. புதியவர் மயிரிழை போன்ற மிகச் சிறு தூரிகையைத் தேடுவர். அது எடுக்கும் துளிச் சாயம் உருவத்தைத் தொடுமுன்னரே உலர்ந்துபோகும். கைதேர்ந்தவரோ, நுனி கூர்ந்ததாயும் வயிறு சற்றுப் பருத்ததாயும் உள்ள தூரிகையையே நாடுவர்.

இதன்பின் வருவதே இக்கலையின் நுட்பம். உண்மையான மனிதனின் ஆடையில் மடிப்புக்குள் நிழலும் மேட்டில் ஒளியும் தாமே அமைகின்றன. ஓரங்குல உருவத்தின் மடிப்பு மிகச் சிறியது. இரண்டடித் தூரத்தில் நின்று காண்பவனுக்கு அதன் நிழல் புலனாவதில்லை. ஆகவே, கதிரவன் செய்யவேண்டிய வேலையைத் தூரிகை செய்யவேண்டியிருக்கின்றது. நீர்த்த கருஞ்சாயத்தைப் பரப்பினால், அது பள்ளங்களுள் ஓடித் தங்கி நிழலாகும். தூரிகையிலுள்ள சாயத்தைத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளின் மேல் மெல்ல உராய்ந்தால், கவசத்தின் வளையங்களும் தோலாடையின் மயிரும் தனித்தனியே வெளிப்படும். தோள், மூக்கு, முழங்கை முதலிய உயர்ந்த இடங்களில் வெளிறிய நிறத்தைச் சிறு கோடாக இடுவர். ஒளி மேலிருந்து வீழ்கின்றதெனக் கொண்டே இவை யாவும் அமையும். சிலை வடிப்போர் கண் திறத்தலை இறுதிச் செயலாகக் கொள்வர். இவ்வீரரைத் தீட்டுவோரிற் பலரோ கண்ணையே முதலில் தீட்டுகின்றனர். கை தவறினால், அடுத்து வரும் முகத்தின் நிறம் அப்பிழையை மறைத்துவிடும் என்பதே காரணம். நிறைவில் பளபளப்பற்ற வார்னிஷ் பூசி, பலகாலும் கைபட்டுத் தேயாமற் காப்பர்.

வீரன் ஆயத்தமாயினும், அவன் நிற்பதற்கு நிலம் வேண்டும். அவன் காலடியில் உள்ள வட்டத் தட்டு, காசளவே ஆயினும், அவனுடைய உலகம் அதுவே. ஆட்டத்தில் நடையை அளப்பதும், இருவர் நெருங்கினரா என அறிவதும் பெரும்பாலும் அத்தட்டின் விளிம்பைக் கொண்டேயாம். அதன் மேல் மரவேலைக்குரிய வெள்ளைப் பசையைத் தடவி, அரித்த மணலைத் தூவுவர். சிறு கூழாங்கல் அங்கே பெரும் பாறையாகும். உடைத்த தக்கை மலைமுகடாகும். உலர்ந்த வேர்த்துண்டு வீழ்ந்த மரமாகும். செயற்கை இழைகளை மின்னேற்றத்தால் நிமிர்த்தி ஒட்டினால் அது புற்றரையாகும். பனி வேண்டுவோரிற் சிலர் அப்பச் சோடாவைப் பசையிற் குழைத்து இட்டனர். நாளடைவில் அது மஞ்சளித்துப்போகக் கண்டு, அதற்கென விற்கப்படும் வெண்பொடியை நாடினர். பத்து வீரரின் தட்டுக்களும் ஒரே மணலும் ஒரே புல்லும் கொண்டால், வேறுவேறு உடையணிந்தோரும் ஒரு மண்ணைச் சேர்ந்தோராகக் காட்சியளிப்பர். நிறம் வீரனைத் தனியனாக்குகின்றது. மண் அவனைக் குழுவுடன் சேர்க்கின்றது.

இவ்வளவு உழைப்பும் மேசையிற் சென்று சேரும்போது நிகழ்வது யாது? 'மோர்ட்ஹைம்' ஆட்டத்தின் விதிகளில் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. ஆட்டத்தில் வீழ்ந்த தலைமை வீரனுக்கு, ஆட்டம் முடிந்த பின் தாயக்கட்டை உருட்டப்படும். அவன் நலமுற்று மீளலாம்; ஒரு கண்ணை இழக்கலாம்; கால் முடம்படலாம்; இறந்தும்படலாம். அடுத்த ஆட்டத்திலும் அக்குறை அவனைத் தொடரும். கண்ணிழந்த வீரனின் முகத்திற் கறுப்புக் கட்டொன்றைத் தூரிகையால் தீட்டிச் சேர்ப்போரும் உளர். பெரும்பாலான ஆட்டக்காரர் தம் வீரருக்குப் பெயரும் இடுகின்றனர். பெயரிட்டவனின் கதையை எழுதி வைப்போரும் பலர்.

பெயரிடும் இவ்வழக்கம் புதிதன்று. 1826 ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் ஹாவர்த் என்னும் ஊரில் வாழ்ந்த பாட்ரிக் புரொன்டி என்னும் போதகர், தம் மகனுக்குப் பன்னிரண்டு மரவீரரை வாங்கி வந்தார். அம்மகனும் அவனுடைய சகோதரியர் மூவரும் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயரிட்டனர். பத்து வயதுச் சார்லட், தன் வீரனுக்கு வெலிங்டன் கோமகனின் பெயரைச் சூட்டினாள். அவ்வீரர் ஆள்வதற்கு நாடுகளைப் படைத்து, அவர் கைக்கு ஏற்ற அளவிற் சின்னஞ்சிறு ஏடுகளையும் அக்குழந்தைகள் எழுதினர். மாண்ட வீரரை மீட்டும் எழுப்பும் ஆற்றலையும் தமக்கே வகுத்துக்கொண்டனர். பிற்காலத்தில் ஆங்கில நாவல் உலகிற் சார்லட், எமிலி, ஆன் என அழியாப் புகழ் பெற்ற சகோதரியர் அவர்களே.

இனி, தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு வருவோம். போரை விளையாடுவோர் போரை விரும்புவோர் ஆவரோ? விளையாட்டு மனிதனைத் தீயவனாக்கும் என்பதற்கும், நல்லவனாக்கும் என்பதற்கும் வெல்ஸின் வாழ்வே எச்சரிக்கை. 1913இல் பெரும் போரின் பேதைமையை எடுத்துரைத்த அவரே, 1914இல் போர் மூண்டதும், அது போரையே ஒழிக்கும் போர் என எழுதி அதனை ஆதரித்தார். பொம்மைப் படை அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. ஆகவே, இக்கலையிடம் அது தரவியலாததை எதிர்பார்த்தல் கூடாது.

எனினும், அது தரவல்லது ஒன்றுண்டு. போர் மனிதரைத் தொகையாக்குகின்றது. செய்தித்தாளின் தலைப்பில் ஆயிரம் என்பது ஒரு சொல்லே. ஆயிரத்துள் ஒருவனுக்கும் இமையும் நரம்பும் இருந்தன என்பதை அச்சொல் கூறுவதில்லை. ஓரங்குல உருவத்தின் முகத்தைத் தீட்டப் பல மணித்தியாலம் செலவிட்டவனோ, ஒருவனை முற்றாகக் காண்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைத் தன் கையால் அறிந்திருக்கின்றான். அவ்வறிவு உடனே அருளாக மலரும் என உறுதி கூறவியலாது. ஆயினும், அருளுக்கு முன் நிகழவேண்டியது உற்றுநோக்குதல். அதனை இக்கலை பொறுமையுடன் பழக்குகின்றது.

ஆட்டத்தில் ஒரு வீரன் வீழ்ந்தால், பண்பட்ட ஆட்டக்காரன் அவனைத் தலையாற் பற்றித் தூக்குவதில்லை. காலடித் தட்டை இரு விரலாற் பற்றி, நிறம் உராயாதவாறு மெல்ல எடுத்து மேசையின் ஓரத்தில் நிறுத்துகின்றான். எதிரியின் வீரனாயினும் அவ்வாறே எடுக்கின்றான். அவனையும் ஒருவர் இரவெல்லாம் இருந்து தீட்டினார் என்பது அவனுக்குத் தெரியும்.