வாரன்ட் இல்லாமல் வரும் வனத்துறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி உண்டு. "பட்டா என் பேர்ல இருக்கு. கேட்டுக்குப் பூட்டும் போட்டிருக்கேன். வாரன்ட் இல்லாம ஃபாரஸ்ட்காரங்க எப்படி உள்ள வரலாம்?"

வரலாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, 50ஆவது பிரிவு அதற்கு வழி விட்டிருக்கிறது. ஒருவர் குற்றம் செய்தார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். வனத்துறை அலுவலரோ, சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத போலீஸ் அதிகாரியோ அவருடைய நிலத்திலும் கட்டடத்திலும் வண்டியிலும் தேடலாம். சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டே கேழ்வரகு போடுபவரின் நிலமும் பெங்களூர்க்காரரின் பண்ணை வீடும் இதில் ஒன்றுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் திறந்த வயலுக்கு வாரன்ட் வேண்டாம் என்று 1924இலேயே சொன்னது. ஆனால் அங்கே வீட்டுக்குள் தேட வாரன்ட் வேண்டும். நம் சட்டம் வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவு அதிகாரம் எதற்கு? 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தில் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தனியே நின்றன. அப்படிப்பட்ட கம்பியை ராத்திரி கட்டி, விடியுமுன் சுருட்டிவிடலாம். வாரன்ட் வாங்கி வருவதற்குள் வேட்டைக் கறி அடுப்பேறிவிடும். துப்பாக்கி எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்குப் போய்விடும். அதிகாரம் தேவைதான்.

ஆனால் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தை இந்த மண் மறக்க முடியாது. 1992 ஜூன் 20. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 2023 செப்டம்பர் ஆகியிருந்தது.

சோதனைக்கு வந்தால் மல்லுக்கு நிற்காதீர்கள். என்ன சந்தேகம் என்று கேளுங்கள். சோதனை விவரத்தை எழுதும் மகஜரைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிடிபட்ட ஆளையும் பொருளையும் உடனே மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும் என்பதும் அதே 50ஆவது பிரிவுதான். வேண்டுமென்றே தொல்லை கொடுக்கப் பொருளைப் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு 53ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

போலீஸ் சோதனையை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. காட்டோரக் கிராமத்துச் சோதனை ஒவ்வொன்றையும் அப்படிப் பதிவுசெய்வதை வனத்துறை தானே முன்வந்து வழக்கமாக்க வேண்டும்.