கடன் கொப்பியிலிருந்து தொடங்குவோம்



இக்கருத்தரங்கின் தலைமையை ஏற்கும்படி கேட்டபோது மகிழ்ச்சியோடு அச்சமும் வந்தது. 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்ற தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பன் இதே வேலணைத் தீவில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் ஓர் ஆய்வரங்கைத் தொடக்கிவைப்பது இலேசான காரியமன்று. உங்கள் பொறுமையை நம்பியே எழுந்திருக்கிறேன்.

மிகச் சிறு வணிகங்களின் இணையப் பாதுகாப்பும் சட்டக் கடப்பாடும் நமது பொருள். அடிப்படைகளை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இணையத் தாக்குதல்களைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் பணிகள், லங்காகியூஆர் கொடுப்பனவு ஆகியவற்றை அமர்வுகள் விரிவாக ஆராயும். நான் ஒரு வழக்கை மட்டும் எடுத்துப் பேச விரும்புகிறேன். அது நம் துறைக்குள்ளேயே நெடுநாளாகத் தீராமல் கிடக்கும் வழக்கு.

சிறு கடைக்காரர் ஏமாறுவதற்கு அறியாமையே காரணம், ஆகவே விழிப்புணர்வு வகுப்பே மருந்து என்று நம்மில் பலர் எழுதிவருகிறார்கள். அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. அவர்கள் பயன்படுத்தும் வினாக்கொத்தையே பாருங்கள். "கடவுச்சொல்லை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?" என்று அது கேட்கிறது. மாற்றாதவருக்குப் புள்ளி குறைகிறது. களவு போனதற்கான அறிகுறி இல்லாமல், தவணை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லக்கூடாது என்று அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனமே 2017இல் அறிவுறுத்திவிட்டது. கைவிடப்பட்ட அளவுகோலால் அளந்து, வேலணைக் கடைக்காரரை அறியாதவர் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு சிறு கடையை எண்ணிப் பாருங்கள். நயினாதீவுப் படகு வெளிக்கிடப் போகிறது. யாத்திரிகர் ஒருவர் பனங்கட்டியும் ஒடியலும் வாங்கிவிட்டு, காசு அனுப்பியாயிற்று என்று தன் கைத்தொலைபேசித் திரையை நீட்டுகிறார். அந்தப் படம் பொய்யாகவும் இருக்கலாம் என்பது கடைக்கார அக்காவுக்குத் தெரியும். ஆனால் வங்கியின் குறுஞ்செய்தி வரும் சிம் அவருடைய மகனிடம் இருக்கிறது. மகன் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். படகுக்காரர் கூப்பிடுகிறார். அக்கா பொதியைக் கொடுத்துவிடுகிறார். இங்கே குறைந்தது அறிவா, சிம்மா?

இன்னொன்று. நம் தீவுகளின் சிறு முயற்சிகள் பலவற்றின் முகநூல் பக்கத்தைத் திறந்து கொடுத்தவர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினர். உறுதிப்படுத்தும் இலக்கம் அவருடைய தொலைபேசிக்குப் போகிறது. வேலணையில் முற்பகலில் பக்கம் பறிபோனால் ரொறன்ரோவில் நள்ளிரவு. தம்பி எழும்பும்வரை திருடன் நம் பெயரில் வாடிக்கையாளரிடம் காசு கேட்டுக்கொண்டிருப்பான். எத்தனை வகுப்பு வைத்தாலும் இது தீராது. பக்கத்தின் பொறுப்பில் உள்ளூரில் ஒருவரையும் சேர்த்தால் தீரும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? நாம் திறந்தே பாராத மூலம் ஒன்று ஒவ்வொரு கடை மேசை லாச்சியிலும் கிடக்கிறது. அதுதான் கடன் கொப்பி. அதை ஆய்வுக்குரிய ஆவணமாகவே நம்மவர்கள் கருதுவதில்லை. ஒரு கொப்பியை விரித்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி. முழுப்பெயர் இராது, வீட்டுப் பெயரோ, ஒரு முதலெழுத்தோ இருக்கும். கடன்பட்டவர் பார்த்துக்கொண்டிருக்கவே தொகை எழுதப்படும். கடன் தீர்ந்ததும் அவர் முன்னாலேயே குறுக்கே கோடு விழும். இரவில் கொப்பி வீட்டுக்குப் போய்விடும். தேவைக்கு மேல் எழுதாமை, உரியவர் அறியப் பதிதல், திருத்தமாக வைத்திருத்தல், அந்நியர் கைக்கு எட்டாமல் காத்தல் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பவற்றில் நான்கு அங்கே நடைமுறையிலேயே இருக்கின்றன. கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடத் தொடங்கியபோதுதான் அந்தக் காவல் உடைந்தது. ஊரின் கடன் விபரம் நாலு நாட்டுத் தொலைபேசிகளில் தங்கிவிட்டது.

வழக்கத்தை முதலில் எழுதி, பிறகு அதைச் சட்டமாக்கும் முறை நமக்குப் புதிதன்று. ஒல்லாந்த ஆளுநர் சிமோன்ஸின் பணிப்பில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707இல் தொகுத்து ஒப்படைத்தார். தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு 12 முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. கணினிப் பாதுகாப்புக்கும் தேசவழமைக்கும் என்ன தொடர்பு என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் முன்பு என்னைக் கேட்டார். அந்தப் பன்னிருவரும் மேட்டுக்குடியினர், அவர்கள் ஊருக்காகப் பேசவில்லை என்றும் சொன்னார். பிந்தியது முற்றிலும் சரி. என் வாதத்துக்கு அதுவே வலுச் சேர்க்கிறது. இன்று தரவுச் சட்டம் பற்றி யாரிடம் கருத்துக் கேட்கிறோம்? வங்கிகளிடம், தொலைபேசி நிறுவனங்களிடம், கொழும்பு வர்த்தக சபைகளிடம். அனலைதீவில் கருவாடு விற்பவரிடமும் நெடுந்தீவில் தையல் இயந்திரம் வைத்திருப்பவரிடமும் யார் கேட்டது? முதலியார்களைக் கேட்டு ஊரை விட்ட பிழையை மறுபடி செய்கிறோம்.

நமது தேசியக் கொள்கைப்படி ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாவுக்கு உட்பட்ட புரள்வு உள்ளதே நுண் முயற்சி. 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மீறலுக்கு விதித்த தண்டத்தின் உச்சம் ஒரு கோடி ரூபா. இந்த இரண்டு தொகையையும் அருகருகே வைத்துக் காட்டிச் சிறு முயற்சியாளரை மிரட்டும் ஆலோசகர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவை. தரவுப் பாதுகாப்பு முகாமைத்துவ நிகழ்ச்சித்திட்டம் அவரவர் அமைப்பு, அளவு, தரவின் தொகை, அதன் உணர்திறன் ஆகியவற்றுக்கு ஏற்றவாறு இருக்க வேண்டும் என்கிறது அது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுச் சட்டம் குறித்த சில வகையினருக்குச் சில கடமைகளிலிருந்து விலக்களிக்க அரசுக்கு இடம் வைத்திருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 250 பேருக்குக் குறைந்த நிறுவனங்களுக்குப் பதிவேடு வைப்பதில் ஓரளவு தளர்வு தருகிறது. நமக்கு விலக்கு வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கடன்பட்டவரின் மானமும் ஒரு தரவுதான். அதைக் காக்கும் கடமை சிறு கடைக்கும் உண்டு. அந்தக் கடமையின் வடிவம் கடையின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதே என் வாதம். கடன் கொப்பியின் ஒழுங்கையே ஒரு பக்கத்தில் எழுதி, அதையே சிறு கடையின் நிகழ்ச்சித்திட்டமாக ஏற்க 12ஆம் பிரிவில் இடமிருக்கிறது என்பது என் துணிபு.

2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நம் தரவுச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. கிடைத்த அவகாசத்தை இன்னொரு வினாக்கொத்தில் செலவழிக்க வேண்டாம்.

ஆகவே இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு ஆகிய மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளிலும் கடைக்காரரின் சம்மதத்தோடு, பெயர்களை மறைத்து, கடன் கொப்பி வழக்கங்களைத் தொகுப்போம். இரண்டாவது, காசு வந்ததைத் தன் தொலைபேசியில் பார்த்த பிறகே பொருள் கொடுப்பது, வங்கிச் சிம்மைக் கடையிலேயே வைத்திருப்பது, உறுதிப்படுத்த வந்த இலக்கத்தை எவருக்கும் சொல்லாமை, முகநூல் பக்கத்துக்கு உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர், கொப்பியைப் படமெடுக்காமை, பிசகினால் இலங்கை சேர்ட்டின் 101க்கு அழைப்பது ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கொடுப்போம். மூன்றாவது, அந்தத் தாளைத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அனுப்பி, நுண் முயற்சிக்கு இது போதும் என்ற எழுத்துமூல வழிகாட்டலைக் கேட்போம்.

வகுப்பெடுக்க வந்தவர்களாக நாம் இங்கே கூடவில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்த வணிகர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். முதல் அமர்வில் அவர்கள் பேசட்டும், நாம் குறிப்பெடுப்போம். அந்த வேண்டுகோளோடு இக்கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.