மழைக்காற்றும் மத்தியின் இரையும்

கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் மூணாறு எஸ்டேட் லயங்களிலும் இருந்து கேட்கிற உங்களிடம் இன்று கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் தெருவுக்கு வருகிற மத்தி எதைத் தின்று வளர்கிறது என்பதுதான் பேச்சு.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாயில் காற்று ஆளையே தள்ளுமல்லவா? அதே பருவத்தில் கேரளக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகவும் காற்று வீசும். பூமி சுழல்வதால் கடலின் மேல்நீர் காற்றுக்கு வலப்புறமாக, கரையை விட்டு விலகும். 1905இல் சுவீடன் நாட்டு எக்மன் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். விலகிய இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் நிறைந்த நீர் அது. வெயில் எட்டும் மட்டத்துக்கு அந்த உரம் வந்ததும் மிதவை உயிரிகள் பெருகத் தொடங்கும். தெற்கே கொல்லம் பக்கம் முதலில். பிறகு வடக்கே நகரும்.

அவற்றில் எனக்கு உயிர் டயாட்டம்தான். கொச்சிக்கு வெளியே படகில் போய், மெல்லிய வலையை இழுத்து, வந்த நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைப்போம். பார்க்க வேண்டுமே! ஒவ்வொன்றுக்கும் சிலிக்காவால் ஆன கண்ணாடி ஓடு. ஃபிராகிலேரியா என்றொரு வகை, ஒன்றோடொன்று ஒட்டி நாடா போல நீளும். கரைக்கு வந்து மத்தியின் வயிற்றைக் கீறினால் அங்கும் அதே நாடா. சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஹார்னெலும் நாயுடுவும் 1920களிலேயே மலபார் மத்தியையும் மிதவை உயிரிகளையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள்.

அந்த ஓட்டுக்கான சிலிக்காவில் ஒரு பங்கு நம்முடையது, நேயர்களே. இடுக்கி மலைப் பாறைகளிலிருந்து கரைந்ததைப் பெரியாறும், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பாரதப்புழையும் கடலில் கொண்டு சேர்க்கின்றன. ஆனால் ஆற்று நீர் உப்பில்லாதது, எடை குறைந்தது. மழை கொட்டும் நாட்களில் அது கடல்மேல் பரவி நின்று, கீழிருந்து ஏறும் நீரை மேலே வரவிடாமல் தடுப்பதும் உண்டு. அதனாலும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் இழுத்த வலைகளில்கூட ஒன்று கெட்டியாகப் பச்சை படிந்து வரும், மற்றொன்று வெறுமையாக வரும்.

ஏறி வரும் நீரில் பிராணவாயு குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். பருவத்தின் பின்பகுதியில் அந்த நீர் கரையோரத் தரைமட்டத்தில் பரவும்போது அடிமீன்கள் இடம்பெயர்ந்துவிடும். கொச்சியில் ஆய்வு செய்த ஜெர்மானியர் கார்ல் பான்ஸே 1959இல் இதை எழுதினார்.

நேரம் நெருங்கிவிட்டது, மத்திக்கே திரும்புவோம். 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் வெறும் 3,297 டன். காற்றையும் மழையையும் நாம் திருத்த முடியாது. குஞ்சு மீனை விட்டுவைக்க முடியும். 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கேரளத்தில் தடை இருக்கிறது. மீன்காரர் அப்படிப்பட்ட பொடி மத்தியைக் கொண்டுவந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள்.